முதல் முகாம் பூந்தமல்லி

சனிக்கிழமைகளில், பொழுது புலர்வதற்கு இரண்டு நாழிகை முன்பாகவே, பூந்தமல்லிப் புறவழிச் சாலையோரத்து டீக்கடைகளில் பால் கொதிக்கத் தொடங்கும் சமயத்தில், அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பாடியிலிருந்தும் ஒருவர் பின் ஒருவராக மோட்டார் சைக்கிளில் வந்து கூடும் வாலிபர்களை அவ்வழியே போகிறவர்கள் அநேகமாகக் கண்டிருப்பார்கள். பின்னிருக்கையில் இறுகக் கட்டிய கூடாரச் சுருட்டு, இருபுறமும் தொங்கும் பைகள், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஒரு சிறு அடுப்பு, தண்ணீர்க் கேன் என்று சகலத்தையும் சரிபார்த்துக்கொண்டு, முன்னே வழிகாட்டிச் செல்பவர் யார், ஒருவரையும் தவறவிடாமல் எல்லாருக்கும் கடைசியில் வருபவர் யார், எந்தப் பங்கில் பெட்ரோல் நிரப்புவது, இரவு எந்த மலையடிவாரத்தில் கூடாரம் அடிப்பது என்று அவர்கள் நின்றபடியே பேசி முடிவு செய்வார்கள். பிறகு ஏலகிரியையோ ஜவ்வாது மலையையோ நோக்கிப் புறப்பட்டு, மூன்று நான்கு நாட்கள் தார்ச்சாலையை விட்டு விலகி, மண்பாதையிலும் ஓடை மணலிலும் வண்டியோட்டித் திரும்புவார்கள். இதை நம் தலைமுறையில் தோன்றிய நூதன வழக்கம் என்று கருதுகிறவர் பலர். வாகனம் மட்டுமே நூதனம். கூட்டமாகச் சேர்ந்து, கூடாரமும் ஆகாரமும் கூடவே கொண்டு, சென்னையிலிருந்து மேற்கே புறப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் முதல் முகாம் இடுவது இருநூறு வருஷங்களுக்கு மேற்பட்ட சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தில் அடங்கியிருந்த அறிவு மறந்துபோய்விடலாகாது என்ற கவலையே இதை எழுதத் தூண்டியது.

ஜார்ஜ் கோட்டையிலிருந்து பூந்தமல்லி 13 மைல். மாட்டு வண்டிக்கும் பல்லக்குக்கும் கால்நடைக்கும் அது ஒரு முழு நாளின் பிரயாணம் என்று சொல்வதற்கில்லை. நல்ல காளைகள் அதற்கு மேலும் போகக்கூடும். ஆயினும் முதல் நாளில் அதற்குமேல் போகாதிருப்பதையே அனுபவசாலிகள் விரும்பினார்கள். நெடும் பிரயாணத்தில் முதல் நாள் என்பது தூரத்தைக் கடப்பதற்கான நாளன்று. வண்டியின் அச்சு சரியாக இருக்கிறதா, சுமை ஒரு பக்கம் சாய்கிறதா, கூட வருகிறவர்களில் உடல்நலம் குன்றியவர் யார், வீட்டில் மறந்து வைத்த பொருள் எது என்பனவெல்லாம் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். தெரிந்தபின் ஓர் ஆளைத் திருப்பியனுப்பி மறுநாள் காலைக்குள் வேண்டியதை வரவழைத்துக்கொள்வதற்கு 13 மைல் தூரம் பொருத்தமானது. பூந்தமல்லியை விட்டால் ஸ்ரீபெரும்புதூர். அதைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம், ராஜகுளம், காஞ்சிபுரம். அதற்கப்பால் பாலுசெட்டி சத்திரம், தாமல், ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜா என்று ஆற்காடு வரையில் அந்த வழி நீளும். இன்று நாற்கரச் சாலையில் விரைகிறவர்களுக்கு இவை பச்சைப் பலகையில் வெள்ளையெழுத்தாகத் தோன்றி மறையும் பெயர்கள். அந்தக் காலத்தில் இவை ஒவ்வொன்றும் நீரும் நிழலும் உண்டென்ற உறுதிமொழிகளாக இருந்தன.

சத்திரத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்ப்பது நலம். சாலையைப் பார்த்த உயரமான திண்ணை. அதற்குள்ளே நாற்புறமும் தாழ்வாரம் ஓடும் சதுரமான முற்றம். பின்கட்டில் சமையலுக்கான இடம். வெளியே ஒரு கிணறோ படிக்கட்டுக் குளமோ. வண்டிகளை அவிழ்த்துவிடப் புளியமரத்தோப்பு. தர்மவான் ஒருவர் கட்டிவைத்த அந்தக் கட்டடத்தில் யாத்திரிகர் வாடகை கொடுக்காமல் இரவு தங்கலாம். சத்திரத்துக்குச் சத்திரம் நடுவிலுள்ள வழியில் சுமைதாங்கிகள் நின்றன. மார்பளவு உயரத்தில் நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே படுக்கவைத்த மூன்றாவது கல்; அவ்வளவே அதன் சிற்பம். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவியின்றித் தானே சுமையை அந்தக் கல்லின் மேல் நழுவவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் தானே தலைக்கு மாற்றிக்கொள்ளும்படி அந்த உயரம் தீர்மானிக்கப்பட்டிருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் சாந்திக்காக அவள் குடும்பத்தார் அதை நிறுத்துவது நம் நாட்டு வழக்கம். அந்தத் துக்கத்திலிருந்து முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கு ஓர் உபகாரம் பிறந்ததை எண்ணும்போது, பழைய சாலைகளை அரசாங்கங்கள் மட்டும் அமைக்கவில்லை என்பது விளங்கும்.

நீரின் விஷயத்துக்கு வருவோம். திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருஷம், கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி பிரபுவின் உத்தரவின்படி மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய சீமைகளின் விவசாயத்தையும் தொழில்களையும் ஆராய்ந்து எழுதுவதற்காக, பிரான்ஸிஸ் புக்கானன் என்ற வைத்தியர் 1800-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ஆம் தேதி பிற்பகலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். நல்ல வெயிற்காலம். ஊரைத் தாண்டியவுடன் அவர் கண்ணையும் கருத்தையும் கவர்ந்தது செம்பரம்பாக்கம் ஏரி. வங்காளத்துக் குளங்களைப்போல் இது தோண்டப்பட்டதன்று, இயற்கையாக அமைந்த இரண்டு மேட்டு நிலங்களுக்கு நடுவிலுள்ள திறப்பைக் கரை போட்டு அடைத்ததால் உண்டானது என்பதையும், மழை பொய்த்தாலும் 32 கிராமங்களின் நிலங்களுக்குப் பதினெட்டு மாதம் வரை நீர் கொடுக்க வல்லது என்று அங்குள்ளோர் கூறியதையும் அவர் குறித்துக்கொண்டார். வழியிலுள்ள சத்திரங்களைப் பற்றியும், ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைப் பற்றியும் எழுதினார். ஒரு வருஷத்துக்கு மேல் நீண்ட அந்தச் சுற்றுப்பிரயாணத்தின் குறிப்புகள் 1807-இல் மூன்று பாகங்களாக லண்டனில் அச்சாயின. அவ்வளவு நீண்ட பிரயாணத்தின் தொடக்கத்திலேயே, பிரயாணி முதலில் பார்க்கவேண்டியது நீரை என்ற உண்மையை நம் மேற்குப் பக்கத்து ஏரி ஒன்று அவருக்குக் காட்டிவிட்டது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, புழல், செம்பரம்பாக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர்நிலைகள் கிடந்தமையால்தான் ஆயிரக்கணக்கான மனிதர்களும் மாடுகளும் ஒரே இரவில் வந்து இறங்கினாலும் இந்தப் பிரதேசத்தால் தாங்க முடிந்தது.

ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியவை சேனைகள். அவற்றின் வரலாற்றில் கூட்டப் பிரயாணம் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. அது நடந்தது நம் அண்டையிலுள்ள கொசஸ்தலையாற்றங்கரையில். 1780-ஆம் வருஷம் ஆடிமாதத்தில் மைசூரின் ஹைதர் அலி கணவாய்களின் வழியே ஆற்காட்டைச் சூழ்ந்த கர்நாடகச் சீமையில் இறங்கி, ஊர்களை எரித்துக்கொண்டு சென்னையின் எல்லை வரையில் வந்துவிட்டார். அப்பொழுது குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லியின் கீழ் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்று தெற்கே வந்துகொண்டிருந்தது. ஸர் ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோ பரங்கிமலையில் இருந்தது. இரண்டும் சென்னைக்கருகே ஒன்றுசேர்ந்து, அதன்பின் புறப்பட்டிருக்கலாம். பெய்லி கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்ட நிலையில் அது எளிய காரியமாகவே இருந்தது. ஆனால் மன்றோ காஞ்சிபுரத்தைச் சந்திப்பு ஸ்தானமாகக் குறித்து, சொற்ப நாட்களுக்கான அரிசியோடு ஆகஸ்டு 26-ஆம் தேதி தான் மட்டும் புறப்பட்டுப் போய்விட்டார். அதற்கு முந்தின நாள், ஆகஸ்டு 25-ஆம் தேதி, பெய்லி கொசஸ்தலையாற்றை அடைந்தார். ஆற்றில் நீர் அநேகமாக இல்லை. அன்றே அக்கரைக்குப் போயிருக்கலாம். நடந்து களைத்த படை, இருட்டும் வேளை, காலையில் கடந்துகொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் மேற்கே பெய்த மழையின் வெள்ளம் வந்துவிட்டது. ஆறு வடிந்து படை கடப்பதற்குச் செப்டம்பர் பிறந்துவிட்டது.

அந்த நாட்களின் விலை என்ன என்பதைச் சரித்திரம் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு பெய்லியைத் தாக்கினார். 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதரின் முழுச் சேனையும் வந்து சூழ்ந்துகொள்ள, அந்தப் படை அநேகமாக முழுவதும் கொல்லப்பட்டும் பிடிபட்டும் அழிந்தது. சில மைல் தூரத்திலிருந்த மன்றோ பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டின் வழியே பின்வாங்கினார். அந்த வெற்றியைச் சித்திரமாகத் தீட்டிய சுவர் இன்றும் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் இருக்கிறது. தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. இராணுவ ஆசிரியர்கள் அவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். என் மனத்தில் நிற்பவை இரண்டு. கூட்டம் முழுவதும் ஓரிடத்தில் சேர்வதற்கு முன் ஒரு பகுதி புறப்பட்டுப் போனது ஒன்று. ஆற்றைக் கடக்கக்கூடிய வேளையில் கடக்காமல் இக்கரையிலேயே படுத்தது மற்றொன்று. ஆறு குறுக்கிட்டால் கடந்தபின் முகாம் இடு என்பது நம் வண்டிக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விதி. பூண்டியில் 1944-இல் நீர்த்தேக்கம் கட்டி முடித்தபின் கொசஸ்தலையின் வேகம் ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் ஜவ்வாது மலை ஓடைகளும் நாகலாபுரத்துக் காட்டாறுகளும் இன்றும் அதே இயல்புடையவைதான்.

1780 நவம்பரில் ஸர் அயர் கூட் தளபதியாக வந்தபோது அவரை வாட்டியது ஆற்றினும் பெரிய குறை: மாடு. பொதியெருதுகளும் இழுவைக் காளைகளும் போதாமையால் அவர் கடற்கரையை விட்டு உள்நாட்டில் தூரமாகப் போக முடியாமல், கப்பலில் வரும் அரிசியை எதிர்பார்த்துக் கரையோரமாகவே இயங்க நேர்ந்தது. 1781 ஆகஸ்டில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையை அவர் பிடிக்கச் சென்றதற்கும் தானியத் தேவையே முக்கிய காரணம். பத்து வருஷங்களுக்குப் பின் காரன்வாலிஸ் பிரபு மைசூர் மேல் படையெடுத்தபோது, பழைய பிழை ஒன்று திருத்தப்பட்டது: சேனை முழுவதும் பூந்தமல்லிக்கு மேற்கே, சென்னையிலிருந்து சுமார் 18 மைல் தூரத்திலுள்ள பாளையத்தில் ஒருங்கு கூடிய பிறகே 1791 பிப்ரவரி தொடக்கத்தில் புறப்பட்டது. ஆனால் மற்றொரு பிழை திருந்தவில்லை. அந்தச் சேனை மொகிலிக் கணவாய் வழியே ஏறிப் பெங்களூரைப் பிடித்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாயில் வரையில் போயும், மே மாதத்தில் மாடுகள் செத்து உணவும் தீர்ந்தமையால் பெரும் பீரங்கிகளைத் தானே உடைத்தெறிந்துவிட்டுத் திரும்பியது. அதன் பிறகு அந்தச் சேனைக்குச் சோறு போட்டவர்கள் லம்பாடிகள். பெண்டு பிள்ளைகளோடும் ஆயிரக்கணக்கான பொதியெருதுகளோடும் தானியத்தை ஏற்றிக்கொண்டு சீமை சீமையாகத் திரியும் அந்த ஜனங்களுக்கு எந்த மாதத்தில் எந்த வழியில் புல் கிடைக்கும், எங்கே நீர் நிற்கும் என்பது மனப்பாடம். கம்பெனியின் கணக்கப்பிள்ளைகள் செய்ய முடியாததை அவர்கள் செய்தார்கள். மேற்கத்திய யுத்த சரித்திரங்கள் அவர்களுக்கு ஒதுக்கும் இடம் மிகவும் குறுகியது, அது நியாயமன்று.

சேனைகளின் காலம் முடிந்தபின் பூந்தமல்லி ஐரோப்பியப் படைவீரரின் தங்குமிடமாயிற்று. கப்பலிலிருந்து இறங்கியவர்களும், நோயுற்றுத் தாய்நாடு திரும்புகிறவர்களும் அங்கே தங்க வைக்கப்பட்டார்கள்.

இனி, இந்தக் கூட்டப் பிரயாணச் சம்பிரதாயத்தின் உச்சமான ஒரு யாத்திரையைச் சொல்ல வேண்டும். ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக உத்தியோகம் பார்த்தவர், தெலுங்கர், பல பாஷைகளில் தேர்ந்தவர். அவர் 1830-ஆம் வருஷம் மே 18-ஆம் தேதி, குடும்பத்தாரும் பரிவாரமும் பல்லக்குச் சுமக்கும் போயிகளுமாகச் சுமார் நூறு பேரோடு தண்டையார்ப்பேட்டையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, மாதவரம் வழியாகத் திருப்பதியை நோக்கிச் சென்று, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், ஐதராபாத், நாகபுரி ஆகிய இடங்களைக் கடந்து பிரயாகையையும் காசியையும் அடைந்து, கயையும் கல்கத்தாவும் தரிசித்து, ஜகந்நாதத்தின் வழியே கிழக்குக் கரையோரமாக 1831 செப்டம்பர் 3-ஆம் தேதி வீடு திரும்பினார். பதினைந்து மாதத்துக்கு மேல் பிரயாணம். ரெயில் இல்லை, தந்தி இல்லை, பாதி வழிக்கு ஒழுங்கான சாலையும் இல்லை. நூறு பேர் கொண்ட ஒரு கூட்டத்தை, அதிலும் பெண்டிரும் வயதானவர்களும் உள்ள ஒரு கூட்டத்தை, நாள்தோறும் நகர்த்தி, நாள்தோறும் உண்பித்து, இரவுதோறும் பத்திரமாக உறங்கவைத்து, திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த அந்தக் காரியம், ஒரு சேனாதிபதியின் காரியத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. முன்சொன்ன சேனாதிபதிகள் இருவர் மூவர் செய்ததைவிட மேலானது என்றே நான் சொல்லுவேன்.

அவர் செய்த ஏற்பாடுகளில் தெரியும் விவேகம் கவனிக்கத்தக்கது. கூடாரங்கள் கூடவே சென்றன. ஏனெனில் எல்லா ஊரிலும் சத்திரம் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. ஒவ்வொரு நாளும் சேர்ந்த ஊரின் பெயரையும், முந்தின மஜலிலிருந்து, அதாவது முந்தின தங்குமிடத்திலிருந்து, அதன் தூரத்தையும், அங்கே சத்திரம் உண்டா, கடைகள் உண்டா, சாமான்கள் கிடைக்குமா, நீர் எப்படி, வழி மணலா, கல்லா, காடா, ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சலிக்காமல் எழுதிவந்தார். சென்னையிலிருந்த நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு அவர் எழுதியனுப்பிய அந்தக் குறிப்புகள், வீராசாமி 1836-இல் காலமான பிறகு, 1838-இல் அந்த நண்பராலேயே ‘காசி யாத்திர சரித்திர’ என்ற தெலுங்கு நூலாக வெளியிடப்பட்டன. தான் பார்த்து வியந்ததைச் சொல்வதோடு நிற்காமல், தனக்குப் பின்னே அதே வழியில் வருகிறவன் எங்கே அரிசி வாங்கிக்கொள்ள வேண்டும், எங்கே இரண்டு நாளுக்கான நீரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவும் எழுதப்பட்ட புத்தகம் அது. பிரயாண நூல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்களைப் பற்றியே எழுதுகிற நம் காலத்தில், பின்னே வருகிறவனை நினைத்து எழுதிய அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முகாம் வாழ்க்கையின் மற்றொரு முகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலெக்டரும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளும் ஜமாபந்திக்காகவும் விசாரணைக்காகவும் கூடாரங்களோடு ஊர் ஊராகச் சென்று ‘காம்பு’ போடுகிற வழக்கம் நெடுநாள் நீடித்தது. துரையவர்கள் காலையில் குதிரையேறி வந்து சேர்வதற்குள் அடுத்த ஊரில் கூடாரம் நிற்கவேண்டும். அதற்காக இரண்டாவது கூடாரம் ஒன்று இரவிலேயே வண்டியேறி முன்னே போய்விடும். திறமையான ஏற்பாடுதான். ஆனால் விறகு, வைக்கோல், கோழி, முட்டை, பால் ஆகியவற்றைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டியவர்கள் அந்த ஊர்க் குடிகள். தண்ணீர் சுமக்கவும் மூட்டை தூக்கவும் பிடிக்கப்பட்டவர்கள் அந்த ஊர்ச் சேரியின் ஏழைகள். நிரக்கு என்று விலை குறித்திருந்தாலும், அது நடுவிலுள்ள சேவகர் கையைத் தாண்டி உரியவர் கைக்கு எவ்வளவு போயிற்று என்பதை ஊராரே அறிவர். ஒரு கூட்டம் ஊரருகே வந்து இறங்குகிறது என்றால் அது ஊருக்கு உபசாரமாகவும் இருக்கலாம், உபத்திரவமாகவும் இருக்கலாம். எது என்பது இறங்குகிறவர்களின் நடத்தையைப் பொறுத்தது.

1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் ரெயில் ஓடியது. பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், அரக்கோணம் என்று பூந்தமல்லிச் சாலைக்கு வடக்கே போடப்பட்ட அந்த இரும்புப் பாதை, ஒரு வாரப் பிரயாணத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டது. சத்திரங்களில் ஆள் குறைந்தது. அறக்கட்டளைச் சொத்துக்கள் வழக்கிலும் வம்பிலும் கரைந்தன. புளியந்தோப்புகள் ஏலம் போயின. பின்னர் 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்து, அதுவரையில் வழிப்போக்கரும் மேய்ச்சற்காரரும் இஷ்டம்போல் தங்கிவந்த காடுகள் எல்லை வகுக்கப்பட்டு, அனுமதியின்றி உள்ளே போவதே குற்றமாயிற்று. இவ்விரண்டாலும் பழைய முகாம் வழக்கம் ஒடுங்கியது. என்றாலும் ஒரு யாத்திரை மட்டும் ஒடுங்கவில்லை.

புரட்டாசியில் சென்னைப் பூக்கடைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலை வேங்கடவனுக்குச் சமர்ப்பிக்கப் புறப்படும் திருக்குடைகள் யானைகவுனியைத் தாண்டி, அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் தங்கி, பாடி, அம்பத்தூர் வழியே திருமுல்லைவாயிலில் இரவைக் கழித்து, ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் வீரராகவன் சந்நிதியைச் சேர்ந்து, அங்கிருந்து திருச்சானூருக்கும் திருமலைக்கும் செல்கின்றன. மஜல்கள் இன்றும் பழைய மஜல்கள். முதல் நாள் குறுகிய தூரம். தங்குமிடங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறாதவை. ஆகையால் எதிர்கொள்ளுகிற ஊரார் நீர்மோரும் அன்னமுமாக ஆயத்தமாக நிற்கிறார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்கள் வாகனங்களை நிறுத்திவிட்டு நிற்கும் அந்த மாலையில், கூட்டப் பிரயாணத்தின் பழைய இலக்கணம் முழுவதையும் ஒருவர் சாலையோரத்தில் நின்றே படித்துவிடலாம்.

இதே பிரதேசம் சக்கரங்களின் பிரதேசமாக மாறியது ஆச்சரியமான கதை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரும் இராணுவ முகாமாக விரிந்த ஆவடியில், 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. தேசம் முழுவதிலுமிருந்து வந்தவர்களுக்குப் பந்தலும் தங்குமிடமும் சமையற்கூடமும் அமைத்த அந்த ஏற்பாட்டையும் முகாம்களின் வரிசையில் வைத்து எண்ண வேண்டும். பின்னர் அங்கே எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாதையில்லாத நிலத்தில் ஓடுவதற்கென்றே வாகனம் செய்து, மேடும் பள்ளமும் சேறுமான தடங்களில் ஓட்டிச் சோதிப்பது அந்த ஊரின் அன்றாடத் தொழிலாயிற்று. காங்கிரஸ் மகாசபை கூடிய அதே 1955-இல், எல்லைக் காவலுக்காக நம் இராணுவம் தேர்ந்தெடுத்த புல்லட் மோட்டார் சைக்கிளை இங்கேயே செய்வதற்காக, மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. பனிமலையில் படைவீரனைச் சுமக்கவந்த வண்டி, இரண்டு தலைமுறைக்குள் நம் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுப் பாதைக்கு அழைத்துச் செல்லும் வண்டியாயிற்று. மாட்டுக்குப் புல் தேடியவர்களின் இடத்தில் பெட்ரோல் பங்கைத் தேடுகிறவர்கள் வந்திருக்கிறார்கள். லாடம் கட்டுகிறவனின் இடத்தில் பஞ்சர் கடைக்காரர் இருக்கிறார்.

ஆனால் தீயும் நீரும் மாறவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கோடை வறட்சியில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன இளைஞர்களும் யுவதிகளும் இருபதுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். அதன்பின் அந்த வருஷமே மலையேற்றத்துக்கான விதிகளை அரசாங்கம் வகுத்தது. இன்று வனத்துறையே வழித்தடங்களைக் குறித்து, வழிகாட்டியையும் உடன் அனுப்புகிறது. இவற்றைத் தடையென்று நினைத்து, யாரும் அறியாத பாதையில் வண்டியை உள்ளே விட்டுவிடுவதை வீரமென்று கருதுகிற சிலரை நான் கண்டிருக்கிறேன். லம்பாடிகளும் வண்டிக்காரர்களும் வழியை அறிந்தவர்களைக் கேளாமல் ஓரடியும் எடுத்துவைத்ததில்லை.

ஆகையால் மேற்கே புறப்படுகிற இளைஞர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. கூட்டம் முழுவதும் சேர்ந்த பிறகே புறப்படுங்கள். முதல் நாளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆறோ ஓடையோ குறுக்கிட்டால் வெளிச்சமிருக்கும்போதே கடந்து, கரைக்கு மேலே உயரமான இடத்தில் கூடாரம் அடியுங்கள். ஏரியின் உட்புறத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள், அது பயிருக்கும் ஊருக்கும் சொந்தமான நிலம். காட்டுக்கு வனத்துறையின் அனுமதியையும், ஊருக்கு ஊராரின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டு, வாங்குகிற விறகுக்கும் பாலுக்கும் கேட்ட விலையைக் கொடுங்கள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைகளை அகலப்படுத்துகிற அதிகாரிகள், இன்னும் எங்கேனும் நிற்கிற சுமைதாங்கியையும் சத்திரத்துத் தூண்களையும் பெயர்த்தெறியாமல் ஓரமாக நட்டுவைத்து, அருகில் ஒரு பலகையும் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்பேன். உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார் பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்துத் தமிழுக்குக் கொடுத்தார். வீராசாமி தம் பாஷையில் மஜல் மஜலாக எழுதிவைத்தார். ஒவ்வொரு வாரமும் ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் கல்வராயனுக்கும் போய்வருகிற உங்களுக்கு எந்த ஓடையில் சித்திரையிலும் நீர் நிற்கிறது, எந்த மண்பாதை மழைக்குப் பின் வண்டியை விழுங்கும், எந்த ஊரில் இரவில் வைத்தியர் கிடைப்பார் என்பது தெரியும். அதைத் தமிழில், ஊர்ப்பெயர்களைப் பிழையில்லாமல் கேட்டறிந்து, தூரத்தையும் தேதியையும் குறித்து, உங்களுக்குப் பின்னே வருகிறவர்களுக்காக எழுதுங்கள்.